உப்புத் தண்ணீர் ஊசி

எங்கள் ஆய்வுக்கூடத் தலைவருக்கு எலி என்றால் அருவருப்பு. ஏழு வருஷமாக எலியை வைத்துத்தான் பேர் வாங்குகிறார்; எலி அறைக்குள் ஒரு நாள்கூடக் கால் வைத்ததில்லை. ஊசி போடுவது, தீனி வைப்பது, மிச்சத் தீனியை எடை போட்டு நோட்டில் எழுதுவது எல்லாம் நான்தான்.

ஈரலில் ஒரு குட்டி ஆர்.என்.ஏ. இருக்கிறது. அது தானாக ஒரு புரதமும் செய்யாது, மற்ற மரபணுக்களின் வாயை அடைக்கும். அதன் வாயை நாம் அடைத்தால் கொலஸ்ட்ரால் இறங்கும் என்பது அவர் வாதம். கேட்க நன்றாகத்தான் இருந்தது. பத்து எலிக்குத் தினமும் மருந்து ஊசி, இன்னொரு பத்துக்கு ஒன்றுமில்லை. அதுகளுக்கும் வெறும் ஊசியாவது குத்த வேண்டாமா என்று கேட்டேன். வீண் வேலை என்றார்.

மருந்து எலிகளுக்குக் கொலஸ்ட்ரால் முப்பது சதவீதம் இறங்கியது. மனுஷருக்குத் தலைகால் புரியவில்லை. என் நோட்டோ வேறு சொன்னது. தினமும் குத்துப்பட்ட எலிகள் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. பாதித் தீனியைத் தொடவில்லை. அரைப்பட்டினி கிடந்தால் எனக்கும்தான் இறங்கும். அதைச் சொன்னதும் சிரித்தார். என் வேலை நீட்டிப்புக் காகிதம் அவர் கையெழுத்துக்குக் காத்திருந்தது. அதைத் தட்டிக்காட்டிச் சொன்னார்:

"உப்புத் தண்ணி ஊசி போட்டுப் பாருங்க. இறங்கலைன்னா இதை நான் தொட மாட்டேன்."

புது எலி பத்துக்கு அதே நாள்கணக்கில் வெறும் உப்புத் தண்ணீர் குத்தினேன். வீட்டில் சம்பாதிக்கிறவள் நான் ஒருத்தி. மருந்தே இல்லாமல் இருபத்தெட்டு சதவீதம் இறங்கியது.

மறுநாள் இந்த வேலையைச் சோதிக்க மேலிடத்து ஆய்வுக்குழு வருகிறது. முதல்முறையாக என்னை "அம்மா" என்றார். பேனா மூடியைக் கழற்றி, காகிதத்தின் மேல் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தீனி நோட்டை மட்டும் என்கிட்ட குடுத்துடுங்கம்மா."

ஏழு வருஷமாக அவர் வராத அறை நினைவுக்கு வந்தது.

"எலி ரூம் அலமாரியில இருக்கு சார். நீங்களே வந்து எடுத்துக்குங்க."

வந்தார், வாசல் வரை. மேலங்கி, கையுறை, முகக்கவசம் எல்லாம் மாட்டினார். உள்ளே ஒரு எலி கம்பியைக் கடித்தது. கையுறையைக் கழற்றிப் போட்டுவிட்டுத் திரும்பி நடந்தார்.

குழு வந்ததும் அதன் தலைவரான கிழவர் கேட்ட முதல் கேள்வி, எலிகள் எவ்வளவு தின்றன என்பது. நோட்டை எடுத்துக் கொடுத்தேன்.

என் காகிதத்தில் கையெழுத்து விழுந்தது. எங்கள் தலைவருடையது இல்லை, அந்தக் கிழவருடையது.