பெட்டியின் கழுத்து

பத்து மணிச் சங்கு ஊதும்போது நாகலெட்சுமி புருஷனின் கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள். ஆஸ்பத்திரியில் கட்டிய துணி லாரிக் குலுக்கலில் அவிழ்ந்திருந்தது. இரண்டு முடிச்சுப் போட்டாள். மூன்றாவதையும் போட்டாள்.

"போதும் புள்ள," என்றாள் அடுத்த காம்பராவில் குடியிருக்கும் பேச்சியம்மா. "அவரு எங்கயும் ஓடிற மாட்டாரு."

வாசலில் தப்படிக்க வந்தவர்கள் ஓலையைக் கொளுத்தித் தோலைக் காய்ச்சினார்கள். தூறல் விட்டிருந்தது. லயத்துப் பெண்கள் இஸ்தோப்புத் திண்ணையில் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தார்கள்.

ஆண்டியப்பன் தோட்டத்து டிராக்டர் டிரைவர். நேற்றுப் பிற்பகல் மேல் டிவிசனிலிருந்து ஃபேக்டரிக்கு விறகு இறக்கும்போது, மூன்றாவது வளைவில் பின்னால் இழுத்துவந்த விறகுப்பெட்டி டிராக்டரைத் தள்ளித் திருப்பிவிட்டது. இரண்டும் பள்ளத்தில் கிடந்தன. பெட்டியின் மேல் உட்கார்ந்து வந்த கந்தப்பன் குதித்துத் தப்பியதாகச் சொன்னான். அவன் நாகலெட்சுமியின் தம்பி.

ஃபேக்டரி டீமேக்கர் செல்வரத்தினம் குடையை மடக்கிக்கொண்டு உள்ளே வந்தார். பிரேதத்தைப் பார்த்தார். கைகட்டி நின்றார்.

"நல்ல மனுசன். என்ன செய்யிறது." பிறகு குரலைத் தாழ்த்தினார். "கொக்கி தாங்கிறதுக்கு மேல ஏத்திப்போட்டார் போல கிடக்கு. பின்னேரம் துரை கேப்பார். நான் அப்பிடித்தான் சொல்லவேணும்."

"யாரு ஏத்தச் சொன்னது?" என்றாள் நாகலெட்சுமி.

"நான் சொல்லேல்லை. முப்பது அந்தர்தான் கணக்கு. அதுக்கு மேல ஏத்தினது அவற்ற பிழை."

மழைக்காலம் முழுக்க, இலை காய அடுப்பு போதவில்லை, விறகு எங்கே, விறகு எங்கே என்று சத்தம் போட்டவர் இவர்தான். துக்கம் கேட்க வந்தாரா, இதைச் சொல்லிவைக்க வந்தாரா? நாகலெட்சுமி அவருடைய காலைப் பார்த்தாள். சப்பாத்தைக் கழற்றியிருந்தார். காலுறையைக் கழற்றவில்லை. அதிக நேரம் இருக்கப்போவதில்லை.

ஆண்டியப்பன் நிறுக்காமல் பெட்டியை எடுத்ததே இல்லை. மேல் டிவிசன் மடுவத்தில், கொழுந்து நிறுக்கும் கொட்டகையில், உரமூட்டைக்கென்று ஒரு மேடைத் தராசு உண்டு. சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, கொக்கியைக் கழற்றி, பெட்டியின் கழுத்தை, டிராக்டரோடு மாட்டும் முன்தண்டை, தராசின்மேல் ஒரு மரக்குற்றியில் இறக்குவான். கழுத்துப் பாரம் மூன்று அந்தருக்கு, சுமார் நூற்றைம்பது கிலோவுக்கு, குறைந்தால் பெட்டி வாலாட்டும். இறக்கத்தில் டிராக்டரின் பின்சக்கரம் மண்ணைப் பிடிக்காது. நாலைத் தாண்டினால் கொக்கி தாங்காது. நடுவில் வந்து நிற்கும்வரை கட்டைகளை மாற்றி மாற்றிப் போடுவான். நிறுத்த பிறகு எவரும் பெட்டியில் கைவைக்கக் கூடாது.

கொழுந்துப் பெண்கள் அவளைச் சீண்டுவார்கள். "பெட்டி கழுத்த நிறுக்குறாரு. பொண்டாட்டி கழுத்துல நிறுக்க ஒரு குண்டுமணிப் பொன்னு உண்டா?"

கணக்கப்பிள்ளை பழனியாண்டி கூட்டத்துக்கு வெளியே நின்றார். அந்தத் தராசு அவர் பொறுப்பு. நாகலெட்சுமி எழுந்து தன்னிடம் வருவதைக் கண்டதும் தோள்துண்டை எடுத்து இடுப்பில் கட்டினார்.

"நேத்து கழுத்த நிறுத்தாரா ஐயா?"

"நிறுத்தாரு புள்ள. நாந்தான் தராசுக் குண்ட நகத்துனேன். மொதல்ல மூணு காட்டல. அப்புறம் தடிச்ச கட்டையா ஆறு எடுத்து முன்னால போட்டாரு. ஒன் தம்பியையும் முன்னால ஏறி ஒக்காரச் சொன்னாரு. மூணே கால் நின்னுச்சு. 'இப்பிடியே போனா போதும்'ன்னாரு."

"தராசு சரியா இருந்துச்சுங்களா?"

"மாரியம்மா மேல சத்தியம்."

"சத்தியம் நான் கேக்கலையே."

"நீ பாக்குற பார்வை கேக்குதே," என்றார் அவர். முகம் கறுத்துவிட்டது.

அவள் திரும்பி வந்தாள். ஒருவர் ஆண்டியப்பன் பிழை என்கிறார். ஒருவர் தன் பிழை இல்லை என்கிறார். செத்தவனிடம் யாரும் கேட்கமுடியாது. அதனால் இரண்டு பேரும் தைரியமாகச் சொல்கிறார்கள்.

சமையற்கட்டிலிருந்து புகை வந்தது. பேச்சியம்மா கண்ணைக் கசக்கிக்கொண்டு வெளியே வந்தாள்.

"பச்சக் கட்டை, சனியன். வந்தவங்களுக்கு ஒரு வாய் தேத்தண்ணி வைக்க முடியல."

"எந்தக் கட்டை?"

"ஒன் தம்பி போட்டதுதான். நேத்து மத்தியானத்துக்கு மேல தூக்கிட்டு வந்தான். நாந்தான் கதவத் தொறந்துவிட்டேன். அக்கா கேட்டுச்சுன்னான்."

நாகலெட்சுமி உள்ளே போனாள். நேற்று கொழுந்து மலையிலிருந்து நேரே ஆஸ்பத்திரிக்கு ஓடியவள், இப்போதுதான் தன் அடுப்பைப் பார்க்கிறாள். ஒரு கட்டை அடுப்பில் நீர் கக்கிக்கொண்டிருந்தது. ஐந்து சுவரோரம் கிடந்தன. ஒவ்வொன்றும் தொடைப் பருமன்.

கேட்டது உண்மை. ஒரு வாரமாக ஈரச் சுள்ளியோடு போராடியிருந்தாள். தோட்டத்து விறகில் ஒரு குச்சியைக்கூட ஆண்டியப்பன் வீட்டுக்குக் கொண்டுவரமாட்டான். அதனால்தான் தம்பியிடம் கேட்டாள்.

குனிந்து ஒரு கட்டையைத் தூக்கப் பார்த்தாள். ஒரு முனைதான் எழும்பியது. மூன்றாவது வளைவுக்கு மேலே, லயத்துக்கு முன்னால் இருக்கும் பாலத்தில் டிராக்டர் ஆள் நடக்கிற வேகத்தில்தான் போகும். இரண்டு கட்டையை உருட்டிவிடலாம். ஆறையும் உருட்டிவிட்டு, தூக்கி வந்து அடுக்கிவிட்டு, மறுபடி ஓடிப்போய்ப் பெட்டியில் ஏற முடியாது. முன்னால் இருந்த ஆறு கட்டையும் அவனும் இறங்கிவிட்டால் கழுத்து மூன்றில் நிற்காது.

வளைவில் குதித்தேன் என்று ஆஸ்பத்திரியில் அழுதான் கந்தப்பன். முழங்கையில் ஒரு சிராய்ப்பு இல்லை. அப்போதே பார்த்தாள். பிழைத்தானே என்று சாமியைக் கும்பிட்டாள்.

சொன்னால் புருஷன் பேர் நிற்கும். கந்தப்பனைத் தோட்டத்தைவிட்டு அனுப்பிவிடுவார்கள். அதோடு விடவும் மாட்டார்கள். சொல்லாவிட்டால் ஆண்டியப்பன் அளவு தெரியாமல் ஏற்றிச் செத்தவனாவான்.

வாசலில் செல்வரத்தினம் சப்பாத்தை மாட்டிக்கொண்டிருந்தார்.

"நான் வாறன் பிள்ளை."

"இருங்க ஐயா. கோடி போட்டதும் ஒண்ணு சொல்லணும்."

அவர் குடையை ஊன்றி நின்றார். கொஞ்சம் தள்ளி நின்ற பழனியாண்டியும் காதைத் தீட்டிக்கொண்டார்.

"பொறந்த வீட்டுக் கோடி யாரு?" என்று யாரோ கூப்பிட்டார்கள்.

பெண்கள் நாகலெட்சுமியைப் பிரேதத்தின் தலைமாட்டில் உட்காரவைத்தார்கள். கந்தப்பன் புதுச்சேலையோடு வந்தான். கஞ்சிமொடமொடப்புப் போகாத சேலை. தப்புக்காரர்கள் வேகம் பிடித்தார்கள்.

"அக்கா," என்று தேம்பினான். அதற்கு மேல் வரவில்லை.

சேலையை அவள் தலைமேல் போடக் குனிந்தான். அவன் முகமும் சேலைக்குள் வந்தது. நாகலெட்சுமி முந்தானையைப் பிடித்துக்கொண்டாள். அவன் நிமிர முடியவில்லை.

"பாலத்துல நீ கட்டைய எறக்குனப்ப," என்றாள், அவனுக்கு மட்டும் கேட்கும்படி, "ஒங்க மச்சான் திரும்பிப் பாத்தாராடா?"