அலமாரி நிறையப் புத்தகம்

வீட்டைப் பார்க்க ஆள் வருகிறது என்று தெரிந்ததிலிருந்து நாதியாவுக்குச் சோறு இறங்கவில்லை. மதுரையில் ஒரு பதிப்பகம் ஆறு மாதப் பயிற்சி நடத்துகிறது. கையெழுத்துப் பிரதியைப் படித்துத் தேர்ந்தெடுப்பது, திருத்துவது, அச்சுக்கு அனுப்புவது எல்லாம் சொல்லிக்கொடுத்து, தங்க இடமும் கொடுத்து, முடிந்ததும் வேலையும் தருகிறார்கள். அதற்கு வைத்த பரீட்சையில் நாதியா தேறிவிட்டாள். வீட்டைப் பார்த்த பிறகுதான் முடிவாம். இதுவும் கைவிட்டுப் போனால் மறுபடியும் நோட்டுக் கம்பெனியில் அட்டை ஒட்ட வேண்டியதுதான்.

வீட்டில் வந்து என்னத்தைப் பார்ப்பார்கள்? பக்கத்து வீட்டு நாகஜோதிக்குத் தெரியாத சங்கதி உண்டா! புத்தகம் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள், படிக்காத வீட்டுப் பிள்ளைக்கு எவன் புத்தக வேலை கொடுப்பான் என்று கொளுத்திப் போட்டுவிட்டுப் போனாள். மேல்தட்டில் துணி சுற்றி வைத்த குர்ஆனைத் தவிர, அந்த ஆமத்தூர் வீட்டில் இருந்தது ஒரே ஒரு நாவல். அதற்கும் அட்டை இல்லை, முன்பக்கங்கள் இல்லை. கழிவுத்தாள் மூட்டையிலிருந்து அத்தா எப்போதோ எடுத்து வந்தது.

அத்தா முகம்மது நூகு சிவகாசியில் பைண்டிங் வேலை பார்ப்பவர். மகள் முகம் வாடினால் சும்மா இருப்பாரா? மறுநாள் சாயங்காலம் வண்டியில் இரண்டு மூட்டையோடு வந்து இறங்கினார். அத்தனையும் டம்மி. அச்சாகும் முன்னே புத்தகம் எவ்வளவு தடிமனாக வரும் என்று பார்ட்டிக்குக் காட்ட, வெறும் தாளை வைத்துக் கட்டுவார்களே, அது. மேலே பளபளவென்று மாதிரி அட்டை வேறு. அலமாரியில் அடுக்கி முடித்தபோது வீடு வக்கீல் வீடு மாதிரி ஆகிவிட்டது. கிழிந்த நாவல் அழகைக் கெடுக்கிறது என்று அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் தள்ளிவிட்டார்.

எடுத்துப் புரட்டிவிட்டால் என்ன செய்வது என்று நாதியா கேட்டாள்.

“விருந்தாளியா வந்தவுக அலமாரியக் கொடைய மாட்டாக. நீ பேசாம இரு.”

பயிற்சியை நடத்தும் தேவமணி டீச்சர் வருவதற்குள் நாதியாவுக்கு உயிர் போய் உயிர் வந்தது. பட்டாசு லோடு லாரிக்குப் பின்னால் பஸ் ஊர்ந்ததாம். வந்தவர் அலமாரிக்கு நேர் எதிரேதான் உட்கார வேண்டுமா? டீ குடித்தபடியே டீச்சரின் கண் தட்டுத் தட்டாக மேய்ந்தது. அவர் கை அசையும்போதெல்லாம் நாதியாவுக்குப் பகீரென்றது. அத்தாவோ, எல்லாம் மகள் படித்ததுதான் என்று கேட்காமலே அளந்துவிட்டார்.

டீச்சரின் முகம் சுருங்கியது. டம்ளரைக் கீழே வைத்தார்.

“தப்பா நெனைக்காதீங்க. வீட்டுல புத்தகமே இல்லாத பிள்ளைகளுக்குன்னு ஒதுக்குன எடம் இது. அவுகளுக்கு இந்தத் தொழில்ல நுழைய வழியே இல்லைன்னுதான் பயிற்சியே ஆரம்பிச்சோம். இங்கன அம்புட்டு இருக்கு. நாதியா எப்படியும் மேல வந்துரும்.”

பாழாய்ப்போன அலமாரி! உண்மையைச் சொன்னால் வந்தவர் முன்னால் அத்தா பொய்யராவார். சொல்லாவிட்டால் எல்லாம் போயிற்று. நாதியாவுக்கு அத்தாவைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

அவர் எழுந்தார். இருப்பதிலேயே தடியான புத்தகத்தை உருவி டீச்சர் கையில் கொடுத்தார்.

“தொறந்து பாருங்க.”

டீச்சர் திறந்தார். வெள்ளை. புரட்டினார். அதுவும் வெள்ளை. எல்லாமே இப்படியா என்று கேட்டார்.

“எல்லாம் வெறுந்தாளு டீச்சர். பொய் சொன்னது நாந்தேன். பிள்ள மேல தப்பில்ல.”

முதலாளியிடம்கூடத் தலைகுனிந்து நின்றறியாத மனுஷர் அவர். இப்போது தலைகுனிந்து நின்றார். நாதியா விறுவிறுவென்று உள்ளே போய் டிரம்முக்குப் பின்னாலிருந்து நாவலை எடுத்து, தாவணியில் தூசி துடைத்துக் கொண்டுவந்து நீட்டினாள்.

“படிச்சது இது ஒண்ணுதான். பேரு என்ன, யாரு எழுதுனதுன்னு தெரியாது. எட்டாப்புல இருந்து விசாரிச்சிக்கிட்டே இருக்கேன்.”

டீச்சர் அதை வாங்கி வெகுநேரம் புரட்டினார். தாள்களின் ஓரமெல்லாம் விரல் பட்டுப் பட்டுக் கறுத்திருந்தது.

“ஒண்ணாந்தேதி கெளம்பி வந்துரு. இதையும் கொண்டா.”

முகம்மது நூகு மூட்டைச் சாக்கை விரித்து, அலமாரியிலிருந்து டம்மிகளை ஒவ்வொன்றாக இறக்கத் தொடங்கினார். கடைசித் தட்டு காலியாகும்வரை அவர் முகத்தை இந்தப் பக்கம் திருப்பவே இல்லை.