பாகற்காய்ச் சாற்றில் ஒரு குளிசை

நோம்பு பதினெட்டாம் நாள் விடியுமுன் ஸஹர் சாப்பாட்டுக்கு எழுந்த ஸுபைரா முதலில் அடுப்பைப் பற்றவைத்தாள். பிறகு பாகற்காயைச் சீவி இடித்துப் பிழிந்து, சாற்றைக் கண்ணாடிக் கிளாஸில் வடித்தாள். பின்பக்கத்துக் குழாயடியில் கணவர் தொழுகைக்கு ஒழு எடுக்கும் தண்ணீர்ச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. அந்தச் சத்தம் ஓய்வதற்குள் முடிக்க வேண்டிய வேலை ஒன்று இருந்தது. சேலைத் தலைப்பின் முடிச்சை அவிழ்த்து ஒரு வெள்ளைக் குளிசையை எடுத்தாள். சாசரில் வைத்துக் கரண்டியின் முதுகால் நசுக்கினாள். பொடியைச் சாற்றில் தட்டிக் கலக்கினாள். ஏழு மாதமாகச் செய்துவந்த வேலை. கை தானாகவே செய்தது.

ஸஹாப்தீன் வந்து நின்றபடியே ஒரு மடக்கில் குடித்து முகத்தைச் சுளித்தார்.

"இத விடக் கசப்பு உன்ட சமையல்தான் புள்ள."

"அப்ப நாளைக்கு நீங்களே பிழிஞ்சு குடிங்க."

"நான் பிழிஞ்சா இந்தக் குணம் வராதே."

சிரித்துவிட்டு, ஒரு குரக்கன் ரொட்டியைப் பருப்போடு தின்று, தண்ணீர் குடித்து, பள்ளிக்குப் புறப்பட்டார். அவர் குடித்த கிளாஸை அவள் கழுவிக் கவிழ்த்தாள். எந்த நாளையும் போலத்தான் அந்த நாளும் தொடங்கியது.

ஸஹாப்தீனுக்குப் பதுளை பஸாரில் புடவைக்கடை. கடையின் பின்கதவைத் திறந்தால் வீடு. ஐம்பத்தொரு வயதில் அவருக்குச் சீனி வருத்தம் என்று தெரியவந்தது. ஊரில் தனியாக டிஸ்பென்சரி வைத்திருந்த முதிய டொக்டர் குளிசை எழுதிக் கொடுத்தார். வாயைக் கட்டச் சொன்னார், நடக்கவும் சொன்னார். எதிர்க்கடையில் பலசரக்கு விற்ற சுந்தரலிங்கத்துக்கும் அதே வருத்தம், அதே டொக்டர். இரண்டு பேருமாகச் சேர்ந்து தினமும் பின்னேரத்து அஸர் தொழுகைக்குப் பிறகு ஹாலிஎல வீதியில் இரண்டாம் மைல்கட்டை வரைக்கும் போய்த் திரும்பினார்கள். பஸாரில் அவர்களைக் கேலி செய்யாத ஆள் இல்லை. "முதலாளிமாருக்குப் பஸ்ஸுக்குச் சல்லி இல்லியா?" என்று பஸ்காரர்கள் தலையை நீட்டிக் கேட்டார்கள்.

மூன்று மாதத்தில் ஸஹாப்தீனின் தொந்தி வற்றியது. மாடிப்படி ஏறினால் வந்த மூச்சிரைப்பு நின்றது. பங்குனி மாதத்தில் ஒருநாள் குளிசைப் போத்தலை எடுத்துப்போய் வாய்க்காலில் கவிழ்த்தார்.

"இனி இது வேணாம். எனக்குக் காலுதான் மருந்து" என்றார்.

ஸுபைரா அழுதாள், சண்டை போட்டாள், மகள் ஹம்ஸியாவைப் பண்டாரவளையிலிருந்து வரவழைத்துச் சொல்லச் சொன்னாள். மனுசன் அசையவில்லை. அவளுடைய பயத்துக்குக் காரணம் இருந்தது. அவளுடைய வாப்பாவும் சீனிக்காரர். பெருவிரலில் ஒரு கொப்புளம் வந்து, பிறகு பாதம் போய், பிறகு முழங்கால் வரைக்கும் போய், எட்டு மாதம் கட்டிலில் கிடந்து மௌத்தானவர். கடைசிவரைக்கும் கட்டுப் போட்டவள் ஸுபைராதான். அந்த நாற்றம் கனவிலும் அவளை விடவில்லை.

மருந்துக் கடைக்காரர்கள் பழைய மருந்துச் சீட்டைப் பார்த்தே குளிசை கொடுத்தார்கள். அவள் வாங்கிவந்து அரிசிப் பானைக்குள் புதைத்தாள். காலையில் அவர் குடித்த பாகற்காய்ச் சாறு எந்தக் கசப்பையும் மறைக்கும் அளவுக்குக் கசந்தது. ஆனி மாதம் சிறுநீரைச் சோதித்த டொக்டர், "சீனியே இல்லை, கெட்டிக்காரர்" என்றார். ஸஹாப்தீன் அதை ஒரு மாதம் சொல்லித் திரிந்தார். நடையால் வந்தது என்று அவர் நம்பினார். தன் குளிசையால் வந்தது என்று ஸுபைரா நம்பினாள். நடையும் பத்தியமும் அவர் உடம்பைப் பாதியாக்கிவிட்டன, குளிசை மட்டும் பழைய உடம்புக்கு எழுதிய அதே அளவில் இருக்கிறது என்று யாரும் நினைக்கவில்லை. தெரிந்திருந்தால் சொல்லக்கூடிய ஒரே ஆள் டொக்டர். அவருக்கோ குளிசை விட்டுப்போனது என்று கணக்கு.

பிறகு நோம்பு வந்தது. அந்த ஆண்டு, எழுபத்திரண்டில், நோம்பும் தீபாவளியும் அடுத்தடுத்து வந்தன. நமுனுகுல பக்கத்துத் தேயிலைத் தோட்டங்களிலிருந்து ஆட்கள் துணியெடுக்கக் கூட்டம் கூட்டமாக வந்தார்கள். ஸஹாப்தீன் காலையிலிருந்து நின்றபடியே துணி வெட்டினார்.

பதினெட்டாம் நாள் பின்னேரம், கடைப் பக்கமிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டு ஸுபைரா பின்கதவுத் திரையோரம் வந்து நின்றாள். வடிவம்மா என்ற கொழுந்து பறிக்கும் பெண், வெட்டிய நூல் சேலையின் இரண்டு துண்டுகளைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"என்னாங்க முதலாளி, ஒரு சேலை கேட்டா ரெண்டா வெட்டிட்டீங்க? நோம்பு புடிச்சா கத்திரிக்கும் கண்ணு மங்கிப்போகுமா?"

"ஒண்ணு தாய்க்கு, ஒண்ணு புள்ளைக்கு" என்றார் ஸஹாப்தீன். கூட்டம் சிரித்தது. அவர் சிரிக்கவில்லை. நெற்றி வியர்வை மூக்கு நுனியிலிருந்து துணியில் சொட்டியது. மழைக்கு மூடிக்கிடந்த குளிரான பின்னேரம் அது.

ஸுபைரா திரைக்குள்ளிருந்து மெதுவாகக் கூப்பிட்டாள். "ஹம்ஸியாட வாப்பா, இன்னைக்கு நடை வேணாமே. முகம் சரியில்ல."

"நடந்தா சரியாயிடும்" என்றார். குரல் வேறு யாரோ ஒருவருடைய குரல் போல இருந்தது.

மைல்கட்டை வரைக்கும் அவர் போய்ச் சேரவில்லை. பாலத்துக்கு அப்பால் தள்ளாடி, கூட நடந்த லிங்கத்தின் தோளைப் பிடித்து, அப்படியே வீதியோரம் சரிந்தார். அங்கிருந்த தேத்தண்ணிக் கடைக்காரர் ஓடிவந்து ஒரு சோடாவை உடைத்து வாயருகே கொண்டுபோனார். லிங்கம் தட்டிவிட்டார்.

"வேணாங்க, வேணாம். நோம்பு. இன்னும் முக்கால் மணி நேரம் இருக்கு. அதோட சீனி வருத்தக்காரரு, இனிப்பு வாயில வைக்கக்கூடாது."

கூட்டாளியின் நோம்பையும் பத்தியத்தையும் அவர் அப்படிக் காத்தார். கோவா மூட்டை ஏற்றிவந்த மரக்கறி லொறி ஒன்றை மறித்து, ஸஹாப்தீனை ஏற்றி, நேரே டிஸ்பென்சரிக்குக் கொண்டுவந்தார். ஸுபைராவும், ஸஹாப்தீனின் அக்கா உம்மு குல்தூமும் ஓடிப்போய்ச் சேர்ந்தபோது நோம்பு திறக்கும் மஃரிப் பாங்கு கேட்டது. டொக்டர் கை நரம்பில் ஊசியைப் போட்டு, தடித்த மருந்து ஒன்றை மெதுவாக ஏற்றிக்கொண்டிருந்தார். ஊசி முடிவதற்குள் ஸஹாப்தீன் கண்ணைத் திறந்தார். சுற்றிலும் பார்த்தார்.

"லிங்கம், என்னைய லொறியிலயா ஏத்தினீங்க? கோவா மணக்குதே."

லிங்கம் அழுதுகொண்டே சிரித்தார். உம்மு குல்தூம் தம்பியின் தலையைத் தடவி, அல்லாஹ்வைப் புகழ்ந்தாள். டொக்டர் மட்டும் சிரிக்கவில்லை.

"சீனி கூடி விழல்ல. குறைஞ்சு விழுந்திருக்கிறார். என்ன குளிசை எடுக்கிறீங்க?"

"குளிசையா?" ஸஹாப்தீன் முழங்கையை ஊன்றி எழுந்து உட்கார்ந்தார். சாம்பல் பூத்த முகத்தில் பெருமை வந்தது. "பங்குனியோட விட்டாச்சே டொக்டர். உங்களுக்கே தெரியுமே. நடையும் பாவக்காயும்தான்."

"நாட்டு மருந்து, கசாயம், ஏதாவது?"

"ஒண்ணுமில்ல."

டொக்டர் ஸுபைராவைப் பார்த்தார். "நீங்க சொல்லுங்க. மெய்யா?"

அவள் வாயைத் திறந்தாள். கணவர் அவளைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சையில் முதலாவதாக வந்த பிள்ளை தாயைப் பார்ப்பது போன்ற பார்வை. பக்கத்தில் லிங்கம். பின்னால் நாத்தனார். ஏழு மாதமாக அவர் ஊர் முழுக்கச் சொல்லித் திரிந்ததெல்லாம் பொய், பெண்சாதி முதுகுக்குப் பின்னால் மருந்து கலந்தாள் என்று அத்தனை பேர் முன்னால் எப்படிச் சொல்வது? ஆள்தான் எழுந்து உட்கார்ந்துவிட்டாரே. நாளைக்குக் காலையில் தனியாக வந்து டொக்டரிடம் சொல்லிவிடலாம் என்று நினைத்தாள். இனிக் குளிசை போடுவதில்லை என்றும் அந்த நொடியிலேயே முடிவு செய்தாள்.

"நல்லா யோசிச்சுச் சொல்லுங்க" என்றார் டொக்டர் மறுபடியும்.

"மெய்தான்" என்றாள் ஸுபைரா.

பட்டினியும் நடையும் சேர்ந்து மயக்கியிருக்க வேண்டும் என்று டொக்டர் முடிவுக்கு வந்தார். நாளைக்கு நோம்பு பிடிக்க வேண்டாம், நன்றாகச் சாப்பிட வேண்டும், சீனித் தண்ணீர் குடிக்க வேண்டும் என்று சொல்லி அனுப்பினார். அங்கே கொடுத்த ஒரு கோப்பையை ஸஹாப்தீன் குடித்தார். வீட்டில் ஸுபைரா கரைத்துக் கொடுத்ததைத் தள்ளிவிட்டார்.

"ஏழு மாசம் காத்த வாய். இன்னைக்கா கெடுக்கிறது? இப்ப நல்லா ஈக்கிது புள்ள."

பாதி ரொட்டி தின்றார். களைப்பாக இருக்கிறது என்று இஷாவைத் தொழுதுவிட்டுப் படுத்தார். ஸஹருக்கு அவள் அவரை எழுப்பவில்லை. டொக்டர் நோம்பு வேண்டாம் என்றிருந்தார். ஒருநாளாவது தூங்கட்டும் என்று கதவைச் சாத்தினாள். அன்று பாகற்காயும் பிழியவில்லை. காலை ஏழு மணிக்கு, டொக்டரிடம் போக உடுத்திக்கொண்டு, சொல்லிவிட்டுப் போகலாம் என்று அறைக்குள் வந்தாள். தலையணை நனைந்திருந்தது. தோளைத் தொட்டாள். விறைத்துக் குளிர்ந்துபோயிருந்தது.

அன்று அஸருக்கு ஜனாஸா எடுத்தார்கள்.

நடந்துதான் ஸஹாப்தீன் செத்தார் என்று அடக்கம் செய்த மையவாடியிலேயே பேச்சுத் தொடங்கியது. வயதான காலத்தில் மருந்தை விட்டுவிட்டு ரோட்டைச் சுற்றினால் இப்படித்தான் என்றார்கள். கூட்டிக்கொண்டு திரிந்தவன் லிங்கம் என்றார்கள். உம்மு குல்தூம் வந்தவர்களிடமெல்லாம் அதையே சொன்னாள். "அந்த மனுசன் நடை நடைன்னு கூப்பிட்டுக் கூப்பிட்டே எங்கட தம்பியைக் கொண்டுபோய்ச் சேத்திட்டாரு." ஸுபைரா பக்கத்தில் வெள்ளைச் சேலையில் இருந்தாள். இல்லை மைனி, நான்தான் என்று ஒவ்வொரு தரமும் நாக்கு நுனிவரைக்கும் வந்தது. ஒவ்வொரு தரமும் யாராவது அவளைக் கட்டிப்பிடித்து, பாவம் என்றார்கள். அந்தப் பாவம் என்ற சொல்லுக்குள் அவள் ஒளிந்துகொண்டாள்.

நாலு மாதமும் பத்து நாளும் இத்தா. அந்நிய ஆண்களைப் பார்க்காமல் உள்ளறையில் இருக்கும் காலம். ஒருநாள் லிங்கம் வந்து முன்கூடத்தில் நின்றது கேட்டது. திரைக்கு அந்தப் பக்கமிருந்து, "தங்கச்சி, என்னைய மன்னிச்சிருங்க" என்றார். பதில் வராததால் சிறிது நேரம் நின்றுவிட்டுப் போனார். அவள் திரையின் இந்தப் பக்கம் வாயில் சேலையைத் திணித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். மஹ்ரம் இல்லாத அந்நிய ஆண் என்பது காரணமா, பயம் காரணமா என்று அவளுக்கே பிரித்துப் பார்க்க முடியவில்லை.

இத்தா முடிந்த மறுநாள் டொக்டரிடம் போனாள். எல்லாவற்றையும் சொன்னாள். அரிசிப் பானைக்குள் மிஞ்சியிருந்த குளிசைகளை மேசையில் வைத்தாள். டொக்டர் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஜாதிக் குளிசை ஒருநாளில் போகாது. ரெண்டு நாள், மூணு நாள் உடம்புல கிடந்து இழுக்கும். ஊசி போட்டு எழுப்பினாலும் மறுபடி இழுக்கும்."

"அன்னைக்கு நான் சொல்லியிருந்தா?"

"ஆஸ்பத்திரியில சேத்து, ரெண்டு மூணு நாள் குளுக்கோஸ் ஏத்தியிருப்பேன்."

பிழைத்திருப்பார் என்று அவர் சொல்லவில்லை. அவளும் கேட்கவில்லை. வெளியே பெஞ்சில் நோயாளிகள் காத்திருந்தார்கள். அடுத்தவரைக் கூப்பிடும் மணியை அடிக்காமல் அவர் அவள் எழுந்துபோகும்வரை காத்திருந்தார்.

அங்கிருந்து நேரே லிங்கத்தின் கடைக்குப் போனாள். நாலு மாதத்தில் அந்த மனிதர் ஊதிப்போயிருந்தார். கால்கள் வீங்கி, ஒரு ஸ்டூலில் தூக்கி வைத்திருந்தார். மனைவி ராமலட்சுமி கல்லாவில் இருந்தாள். லிங்கத்தின் பக்கத்தில் மூன்று மருந்துப் போத்தல்கள்.

"இப்ப நடக்கிறதில்லையா?" என்று கேட்டாள் ஸுபைரா.

"எந்தக் காலோட நடக்கிறது தங்கச்சி? அந்த ரோட்டுல கால வச்சா ஸஹாப்தீன் நானா தோளப் புடிக்கிறாரு."

அவள் சொன்னாள். சாறு, சாசர், கரண்டி, டிஸ்பென்சரியில் சொன்ன பொய், ஒன்றையும் விடாமல் சொன்னாள். நடையில் ஒரு குற்றமும் இல்லை, அவர் உடம்பைத் தேற்றியது நடைதான், கொன்றது தன் கை என்றாள். லிங்கம் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். முடிந்ததும் கண்ணைத் துடைத்தார்.

"என் மனசு ஆறட்டும்னு இம்புட்டு பெரிய கதையக் கட்டிக்கிட்டு வந்தீங்களா தாயி?"

"கதையில்ல. அல்லாட மேல ஆணையா மெய்."

"சோடாவத் தட்டிவிட்டவன் நானு. இந்தக் கையிதான். நீங்க எத்தன சொன்னாலும் அது போகாதுங்க." பிறகு மனைவியைப் பார்த்து, "பாத்தியா ராமு, புருசனப் பறிகுடுத்தவ எனக்கு ஆறுதல் சொல்ல வந்திருக்கா" என்றார்.

ராமலட்சுமி எழுந்துவந்து ஸுபைராவின் இரண்டு கைகளையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அந்தக் கைகளை எப்படி விடுவிப்பது என்று ஸுபைராவுக்குத் தெரியவில்லை. மறுபடி முதலிலிருந்து சொல்லத் தொடங்கினாள். அவர்கள் இருவரும் அதே முகத்தோடு கேட்டார்கள்.

அதற்குப் பிறகும் மூன்று தரம் லிங்கத்திடம் போய்ச் சொன்னாள். உம்மு குல்தூமிடம் சொன்னபோது, தம்பி பெண்சாதிக்கு அறிவு பேதலித்துவிட்டது என்று அவள் ஓதிப் பார்க்க ஆள் கூட்டிவந்தாள். பிறகு ஸுபைரா சொல்வதை நிறுத்திவிட்டாள்.

லிங்கத்தின் வீட்டுக்கும் கடைக்கும் முந்நூறு கஜ தூரம்தான். அவர் இப்போதும் மகனுடைய மோட்டார் சைக்கிளின் பின்னால் உட்கார்ந்துதான் வருகிறார்.