தண்ணீரை உள்ளே வைத்துக் கட்டியது

1.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதையை நான் தேடிப் போகவில்லை. வாகரையிலிருந்து மட்டக்களப்புக்கு வந்த பஸ்ஸில், பக்கத்து ஆசனப் பெண்ணின் பையிலிருந்து என் செருப்பில் தண்ணீர் சொட்டியது. மீனாக்கும் என்று காலை இழுத்துக்கொண்டேன்.

"மீனில்ல, குளிச்ச உடுப்பு" என்றாள்.

"கடல்லயா?"

"நீச்சல் பூல்ல."

"ஹோட்டல்லயா?"

"இல்ல, பனிச்சங்கேணில. றோசம்மாக்காட வீட்டு வளவுக்க."

அவள் பெயர் பஹீமா. ஏறாவூர்க்காரி. ஊர் ஊராகத் துணி கொண்டுபோய் விற்பவள். இறங்குமட்டும் சொல்லிக்கொண்டே வந்தாள். அடுத்த வாரம் நானே போய் றோசம்மாவையும் பார்த்துவிட்டேன். இனி வருவது அவர்கள் இருவரும் சொன்னது. சில இடங்களில் என் கையும் பட்டிருக்கிறது.

2.

முதல் தொடக்கம்: "ஒரு பக்கம் கடல், மறு பக்கம் களப்பு. இருக்கிற தண்ணீர் போதாதென்று—"

வேண்டாம். ஊர் அடித்த பகிடியை நானும் அடித்ததுபோல் இருக்கிறது.

இரண்டாம் தொடக்கம்: "நீச்சல் தடாகம் என்பது—"

இது பிரதேச சபைக் கடிதம் மாதிரி.

மூன்றாவது: றோசம்மாவுக்கு இடது முழங்கால் மடங்க மறுத்தது. நாற்பத்தைந்து வயதில், தேவாலயத்தில் முழங்காலிட முடியாமல் கடைசி வாங்குப் பலகையில் ஒதுங்கி இருக்க வேண்டி வந்தது. ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சிகிச்சை தரும் இளம்பிள்ளை ஒன்று அவள் காலை நீட்டி மடக்கிப் பார்த்துவிட்டு, "அன்ரி, இடுப்பளவு தண்ணியில ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடங்க" என்றது.

உப்பங்கழியான களப்பில் இறங்கினால் காலடியில் சேறும் சிப்பி ஓடுகளும். கடலிலோ அலை ஆளை நிற்க விடாது. அவள் அதைச் சொல்லிச் சிரித்தாள். கணவன் ஜெயராஜா சிரிக்கவில்லை. அவன் பைபர் போட் எனும் கண்ணாடிநார்ப் படகு கட்டுகிறவன். பனிச்சங்கேணியில் பாதிப் பேர் அவன் கட்டிய போட்டில்தான் தொழிலுக்குப் போகிறார்கள்.

"றோசு, இருவது வருசமாத் தண்ணி உள்ள வராமக் கட்டுறன். வெளிய போகாமக் கட்ட ஏலாதா?"

இந்த வசனத்தைக் கேட்டபிறகுதான் நான் கதையை எழுதுவதென்று முடிவெடுத்தேன்.

3.

இரண்டு மாதம் எடுத்தது. போட்டுக்குப் பூசுகிற அதே றெசின், அதே கண்ணாடி நார். பதினெட்டடி நீளம், நாலடி உயரம், முட்டை வடிவம், உள்ளே நீலம். நிலத்தைத் தோண்டவில்லை. போட் கட்டும் கொட்டிலுக்குப் பின்னால் மணல் பரப்பி, அதன்மேல் தூக்கி வைத்தார்கள். ஏறி இறங்க ஒரு மர ஏணி. பார்வை மறைக்கச் சுற்றிவரத் தென்னோலைக் கிடுகு வேலி.

பக்கத்து வீட்டு இலட்சுமிப்பிள்ளை வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"என்ன கா இது, முன் அணியமும் இல்ல, பின் கடையாரும் இல்ல? இந்த போட் எந்தப் பக்கம் போகும்?"

"இது ஒரு பக்கமும் போகாது அக்கா. நிக்கிற போட்" என்றாள் றோசம்மா.

பவுசர் லொறி மூன்று நடை தண்ணீர் கொண்டுவந்தது. ஊரே வேலிக்குள் நின்றது. நிரம்ப நிரம்ப ஜெயராஜாவின் முகம் மாறியது. கிழக்குப் பக்கம் தண்ணீர் விளிம்பைத் தொட்டது. மேற்கில் ஒரு சாண் குறைவு. தொட்டி சரிந்து நின்றது. யாரோ சிரித்தார்கள். கிழக்குச் சுவர் புடைக்கத் தொடங்கியதும் சிரிப்பு நின்றது.

"தொறந்து விடுங்க!" என்று கத்தினான் ஜெயராஜா.

அடைப்பை இழுத்தார்கள். தண்ணீர் வளவெல்லாம் ஓடியது. அப்போது முதலில் மண்வெட்டியோடு வந்தது இலட்சுமிப்பிள்ளைதான். வாய்க்கால் வெட்டித் தன் கத்தரிப் பாத்திக்குத் திருப்பிவிட்டாள். மற்றவர்களும் வாளியோடு ஓடினார்கள். அன்று பனிச்சங்கேணியில் நனையாத தென்னை இல்லை.*

(* மிகைதான். நனைந்தது ஏழு தென்னை.)

4.

ஜெயராஜா கொட்டிலுக்குள் போய் இருந்துவிட்டான். இத்தனை வருடத்தில் அவன் கட்டிய ஒன்று இப்படிச் சரிந்ததில்லை. "வெட்டி ரெண்டு சின்ன போட் ஆக்கிறன்" என்றான்.

றோசம்மா வெளியே போனாள். காலை இழுத்து இழுத்துத் தொட்டியைச் சுற்றி நடந்தாள். கிழக்கு மூலையில் நின்று மணலைக் குதிக்காலால் அமுக்கினாள். புதைந்தது.

"இஞ்ச வாங்க. இதுல ஒரு தென்னங்குத்தி கிடந்ததெல்லா? அதக் கிளப்பின கிடங்குக் குழிய நான்தான் குப்பையும் மண்ணும் போட்டு மூடினன். பிழை உங்கட தொட்டில இல்ல. என்ட கிடங்குல."

அவன் எழுந்து வந்தான். தானும் மிதித்துப் பார்த்தான். பிறகு சிரித்தான்.

தொட்டியை நகர்த்தி, கிடங்கில் கிறவல் மண் போட்டு இடித்து இறுக்கினார்கள். உள்ளே தெரியும் குழாயில் தண்ணீர் விட்டு நாலு மூலையும் மட்டம் பார்த்தார்கள். நாலு நாள் கிணற்றிலிருந்து இறைத்து நிரப்பினார்கள். இந்தமுறை தண்ணீர் விளிம்போடு விளிம்பாக நின்றது. ஜெயராஜா ஒரு தேங்காயை மிதக்கவிட்டான். அது எந்தப் பக்கமும் போகவில்லை.

5.

நீச்சல் தொட்டி வைத்திருப்பது மாடு வைத்திருப்பதுபோல என்கிறாள் றோசம்மா. விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிக்க வேண்டும். பழைய வலைத்துண்டால் இலை அள்ள வேண்டும், மோட்டர் போட வேண்டும், குளோரின் கரைக்க வேண்டும். ஒரு நீர்க்காகம் மூன்று நாள் விளிம்பில் இருந்து உள்ளே பார்த்தது. மீன் இல்லையென்று தெரிந்தபின் கோபித்துக்கொண்டு போய்விட்டது.

ஒவ்வொரு நாளும் அரை மணித்தியாலம் நடந்தாள். இரண்டாம் மாதம் முழங்கால் மடங்கியது. ஞாயிறு பூசையில் முன்வாங்கு.

கதை இங்கே முடிந்திருக்கலாம். ஆனால் ஒரு சனிக்கிழமை பஹீமா துணிமூட்டையோடு வந்தாள். தண்ணீரைப் பார்த்தாள், மூட்டையை வைத்தாள், உடுப்போடு ஏணியில் ஏறினாள். சிறுவயதில் ஏறாவூர் ஆற்றில் காக்காமார் என்கிற அண்ணன்மாரோடு நீந்தியவள். பெரியபிள்ளையானதும் மறித்துவிட்டார்கள். முப்பது வருடத்துக்குப் பிறகும் கையும் காலும் மறக்கவில்லை.

"நீங்களும் மல்லாந்து படுங்க கா."

"என்னால ஏலா. தலைய நனைக்கமாட்டன்."

இந்த இடத்தில் எனக்குள் இருந்த எழுத்தாளன் விழித்துக்கொண்டான். எழுதினேன்: "2004 டிசம்பர் இருபத்தாறாம் திகதி காலை, றோசம்மா—"

அவளிடமே வாசித்துக் காட்டினேன். தேத்தண்ணீர் கோப்பையைக் கீழே வைத்தாள்.

"நடந்ததுதான் தம்பி. அத எழுதோணுமெண்டா வேற கதையில எழுதுங்க, நானே எல்லாம் சொல்லித்தாறன். இது சந்தோசமான தொட்டி. இதுக்குள்ள அதக் கரைக்காதீங்க."

ஆகவே அந்த வசனம் அப்படியே பாதியில் நிற்கிறது.

6.

ஐந்து சனிக்கிழமை போனது. முதலில் றோசம்மாவின் மோவாய் நனைந்தது, பிறகு காது. காதுக்குள் தண்ணீர் போனதும் றோசம்மா வீறிட்டாள். வேலிக்கு வெளியே ஜெயராஜாவின் குரல்:

"என்ன நடந்தது?"

"ஒண்டுமில்ல! உள்ள வராதீங்க!"

இருவரும் ஏணியைப் பிடித்துக்கொண்டு மூச்சு முட்டச் சிரித்தார்கள்.

ஆறாவது சனிக்கிழமைக்கு இரண்டு முடிவுகள் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் றோசம்மா களப்பை நீந்திக் கடக்கிறாள். அது பொய். மற்றதில் கிராமத்துப் பெண்கள் எல்லோரும் வரிசையாக வருகிறார்கள். அது பத்திரிகைச் செய்தி. (இலட்சுமிப்பிள்ளை மட்டும் வந்தாள். காலை மட்டும் நனைத்தாள்.)

நடந்தது இதுதான். றோசம்மா மல்லாந்து படுத்திருக்கிறாள். கண் இறுக மூடியிருக்கிறது. முதுகுக்குக் கீழே பஹீமாவின் இரண்டு உள்ளங்கைகள். பஹீமா ஒரு கையை எடுக்கிறாள். கொஞ்சம் பொறுத்து மற்றக் கையையும் எடுக்கிறாள். இரண்டையும் தலைக்கு மேல் உயர்த்தி, சிரிப்பை அடக்க உதட்டைக் கடிக்கிறாள். றோசம்மாவின் சட்டை காற்றுப் பிடித்துப் பூவாய் விரிகிறது. அவள் அசையவில்லை, அமிழவுமில்லை.

"கையால பிடிச்சிரிக்கியா கா?" என்று கேட்கிறாள் றோசம்மா, கண்ணைத் திறக்காமல்.

பஹீமா என்ன சொன்னாள் என்று எனக்குத் தெரியும். எழுதமாட்டேன். நீங்களும் இப்போது தண்ணீருக்குப் பக்கத்தில்தான் நிற்கிறீர்கள். அந்தப் பதிலை நீங்களே மெதுவாகச் சொல்லுங்கள், அவள் பயப்படாமல்.