மணமில்லாத தண்ணீர்

டமார் என்று தகர வாளியொன்று மேசைமேல் வந்து விழுந்ததில் மீராமுகைதீன் சேரின் வரவு இடாப்பு முழுக்க நனைந்துபோயிற்று. பிள்ளைகள் ஓவென்று எழுந்து நின்றார்கள். வாளியைக் கொண்டுவந்த, பக்கத்து ஒழுங்கையில் குடியிருக்கும் சுபைறாவுக்கு வகுப்பின் வாசலைத் தேட வேண்டியிருக்கவில்லை. புயல் கூரையோடு அரைச்சுவரையும் கொண்டுபோய் இரண்டு மாதமாகிறது.

"மணந்து பாருங்க சேர்! மனுசன் குடிக்கிற தண்ணியா இது? ஆஸ்பத்திரிய முழுசாக் கிணத்துக்குள்ள கவுத்து வச்சிரிக்கீங்க!"

பிள்ளைகள் சிரித்தார்கள். சேருக்குச் சிரிப்பு வரவில்லை. நேற்றுப் பின்னேரம் முழுவதும் அவர் அந்த ஒழுங்கைக் கிணற்றடியில்தான் நின்றார். சுகாதாரப் பரிசோதகர் நல்லரெத்தினம் குளோரின் தூளைக் கரைக்க, ஏழாம் வகுப்புப் பிள்ளைகள் கயிறு விட்டு ஆழம் அளந்தார்கள். விஞ்ஞானமும் சமூகமும் என்ற பாடத்தைத் தெருவுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று பயிற்சிக் கலாசாலையில் சொல்லித் தந்தது, பத்து வருடம் கழித்து நேற்றுத்தான் நடந்தது. ஒழுங்கையில் ஏற்கனவே இரண்டு குழந்தைகள் வயிற்றோட்டத்தோடு ஆஸ்பத்திரியில் கிடந்தன. மூன்றாவது ஒன்று போய்ப் படுக்கக் கூடாது. அவருக்கு வேண்டியது அவ்வளவுதான்.

"அப்ப எங்க தண்ணி அள்ளுறீங்க, ராத்தா?"

"தோணாக் கரைக் கிணத்துல. பளிங்கு மாதிரிக் கெடக்கு. ஒரு மணமில்ல, குணமில்ல."

புயலன்று தோணா ஓடை பெருகி, ஊரின் கக்கூசுக் குழிகளையெல்லாம் கழுவிக்கொண்டு அந்தக் கிணற்றுக்குள்தான் இறங்கியது. அள்ளக் கூடாது என்று நல்லரெத்தினம் அதன் சுற்றுச்சுவரில் சிவப்புத் துணி கட்டிவிட்டிருந்தார்.

"அதக் குடிக்கச் சொன்ன யாரு?"

"உங்கட புள்ளதான். கச்சிமுகம்மதுட மகள் றம்ஸியா. வீடு வீடாப் புத்தகத்த விரிச்சுக் காட்டிட்டுத்தானே போன!"

முன்வரிசையில் றம்ஸியாவின் இடம் காலியாக இருந்தது. போன தவணை வட்டாரக் கல்வி அதிகாரி வந்தபோது, தூய நீர் நிறமற்றது, மணமற்றது, சுவையற்றது என்று ஒரே மூச்சில் சொன்னவள் அவள். வகுப்பையே கைதட்ட வைத்தவர் இவர்.

வகுப்பைப் பக்கத்து வகுப்பு ஆசிரியையிடம் ஒப்படைத்துவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார். தலையில்லாத தென்னைகளுக்குக் கீழே நிழல்கூட இல்லை. ஒழுங்கைக் கிணற்றில் ஒரு கோப்பை அள்ளி, குடத்தோடு நின்ற பெண்கள் பார்க்கக் குடித்துக் காட்டினார். தொண்டை காந்தியது.

"அரசாங்கச் சேர்தானே, குடிப்பாரு" என்றாள் ஒருத்தி.

"மணம் மாறின தண்ணில தொழ உளூவும் எடுக்கக் கூடாதெண்டுதானே பள்ளிவாசல் லெப்பையும் செல்ற" என்றாள் இன்னொருத்தி.

அள்ளித் திறந்து வைத்தால் அசர் தொழுகைக்குள் மணம் போய்விடும் என்றார். மூன்று தரம் சொன்னார். பெண்கள் வெற்றுக் குடங்களோடு தோணாப் பக்கம் நடந்தார்கள்.

எதிரே றம்ஸியா நிறைகுடத்தோடு வந்தாள். இவரைக் கண்டதும் தன் வீட்டுப் படலையடியில் நின்றாள்.

"பள்ளிக்கு ஏன் வரல்ல?"

"தங்கச்சிக்குச் சுகமில்ல சேர். விடியத்துலரிந்து நாலு தரம் போயிட்டா. தண்ணி தண்ணியெண்டு கேக்கா."

"இத ஊத்திரு மகள். இதுல கிருமி இரிக்கி."

அவள் குடத்துக்குள் எட்டிப் பார்த்தாள். தண்ணீரில் அவள் முகமும் ஒரு துண்டு வானமும் கிடந்தன.

"ஒண்டுமே தெரியல்லியே சேர். நீங்க கிருமியக் கண்டிரிக்கீங்களா?"

பள்ளிக்கூடத்து நுணுக்குக்காட்டி வந்த பெட்டிக்குள்ளேயே அதிபரின் அலுமாரியில் இருந்தது. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அதை ஒருநாளும் திறக்கவில்லை. சேரும் கேட்டுச் சலித்து விட்டுவிட்டார். கிருமி என்று அவர் காட்டியதெல்லாம் கரும்பலகையில் வெண்கட்டியால் போட்ட வாலுள்ள வட்டங்களைத்தான். கண்டேன் என்று ஒரு பொய் சொல்லலாம். அதற்கும் அவரிடம் தெம்பு இருக்கவில்லை.

"இல்ல மகள். புத்தகத்துலதான் போட்டிரிக்கி."

உள்ளேயிருந்து தங்கச்சி தண்ணி கேட்டு அழும் சத்தம் கேட்டது. றம்ஸியா குடத்தை மற்ற இடுப்புக்கு மாற்றிக்கொண்டாள்.

"தூய தண்ணிக்கி மணமில்லெண்டதும் புத்தகத்துலதானே சேர் இருந்த?"