எரியாத பச்சை விளக்கு

என் அக்காவுக்கு எதையும் தூக்கிப் போடும் பழக்கம் கிடையாது. போன வாரம் அவள் வீட்டுக் கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ். புகைந்துபோனது. சுவரிலிருந்து வரும் கரன்ட்டை வாங்கி, உள்ளே இருப்பவற்றுக்கு வயர் வயராகப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி அது. நான் வந்து புதிது மாட்டிவிட்டுப் போனேன். கரிந்த பழையதைத் துணியால் துடைத்து மேசைக்கு அடியில் பத்திரமாக வைத்திருக்கிறாள். குப்பையில் போடச் சொன்னால் கேட்கிற ஜென்மமா அது?

"நீ அதை மாட்டின நாள்லேருந்து வாலு கூப்பிடலடா" என்றாள், நான் செருப்பைக் கழற்றும் முன்பே.

வாலு அவளுடைய ஒரே மகன். பள்ளிக்கூடத்தில் வாங்கிய பட்டப்பெயர் வீட்டுக்கும் வந்து ஒட்டிக்கொண்டது. கப்பலில் வேலை கிடைத்துக் கிளம்பும்போது, யாரிடமோ வாங்கிய, போன் பேச உதவும் ஒரு பழைய சர்க்யூட் கார்டை இந்தக் கம்ப்யூட்டருக்குள் சொருகி, வீட்டு டெலிபோன் லைனை அதன் முதுகில் குத்திவிட்டுப் போனான். போன் வந்தால் கார்டிலேயே ஒரு சின்ன பஸ்ஸர் அடிக்கும். ஹெட்போனை மாட்டிக்கொண்டு பேச வேண்டியதுதான். அதில் ஒரு போன்கூட வருவதற்கு முன்பே கப்பல் மூழ்கிவிட்டது. சிலரைத் தண்ணீரிலிருந்து தூக்கினார்கள். சிலர் கிடைக்கவே இல்லை. வாலு கிடைக்காதவர்களில் ஒருவன்.

இரண்டு மாதம் கழித்து அந்த பஸ்ஸர் அடித்தது. அவன்தான்.

எங்கே இருக்கிறான் என்று மட்டும் சொல்ல மாட்டான். நாங்கள் எங்களுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டோம். கப்பல் மூழ்குவதற்கு முன்பே ஏதோ ஒரு துறைமுகத்தில் நழுவியிருக்கிறான், கையில் பாஸ்போர்ட், பேப்பர் இல்லை, எங்கோ ஒளிந்து வேலை பார்க்கிறான், பிடித்துவிடுவார்கள் என்று பயப்படுகிறான். இதை முதலில் சொன்னவனே நான்தான். நானே அவனிடம் இரண்டு தடவை பேசியிருக்கிறேன். அதே குரல், அதே வாய்க்கொழுப்பு. "மாமா, இன்னும் அதே ஓட்டை வண்டிதானா?" என்று கேட்டான். நான் அழுதுவிட்டேன். அந்த நம்பிக்கையில்தான் அக்கா இத்தனை வருடமாகச் சாப்பிடுகிறாள், தூங்குகிறாள்.

எனவே அவள் வீட்டில் இந்தக் கம்ப்யூட்டர் பழுதானால் அது வெறும் பழுது இல்லை.

ஸ்க்ரூடிரைவர்களை வாலுவின் கட்டிலில் பரப்பி வைத்துவிட்டு மூடியைக் கழற்றினேன். எல்லாம் சுத்தமாக இருந்தது. கார்டின் ஓரத்தில் பச்சை விளக்கு அழகாக எரிந்தது. என் மொபைலிலிருந்து வீட்டு நம்பருக்கு அடித்தேன். பஸ்ஸர் காதைக் கிழித்தது.

"பாத்தியா? மணி மாதிரி வேலை செய்யுது. அவனுக்கு வேற ஏதாவது வேலை இருக்கும்க்கா."

"உன் போன் வருது. அவன் போன் வரல."

"ஒரே லைன்தானேக்கா ரெண்டும்."

"எனக்கு அதெல்லாம் தெரியாது. முன்ன இந்த லைட்டும் எரியாது. இப்ப எரியுது. அதையும் பாரு" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அக்கா சொல்வதில் பாதியை நான் இந்தக் காதில் வாங்கி அந்தக் காதில் விடுவேன். இதையும் விட்டிருப்பேன். ஆனால் போன வாரம் இந்தக் கார்டில் கை வைத்தது ஞாபகம் வந்தது. கார்டின் ஓரத்தில் அதற்கென்று தனியாக நாலு பின் உள்ள பவர் சாக்கெட் ஒன்று உண்டு. காலியான சாக்கெட்டைக் கண்டால் எனக்குக் கை அரிக்கும். புது எஸ்.எம்.பி.எஸ்.ஸில் மிச்சமிருந்த வயர் ஒன்றை எடுத்து அதில் செருகினேன். செருகும் முன், சாக்கெட்டை மூடியிருந்த பிளாஸ்டிக் தக்கையை நகத்தால் நெம்பி எடுத்தேன். கம்பெனியிலிருந்து வரும்போதே போட்டு வரும் தக்கை அது.

குனிந்து மேசைக்கு அடியிலிருந்த பழைய பெட்டியை இழுத்தேன். நாலு பின் வயர் இரண்டே இரண்டு. ஒன்று ஹார்ட் டிஸ்குக்கு, ஒன்று சி.டி. டிரைவுக்கு. கார்டுக்குக் கொடுக்க அதில் வயரே கிடையாது.

சரி, கார்டு தான் சொருகியிருக்கும் இடத்திலிருந்தே கொஞ்சம் கரன்ட் எடுத்திருக்கும் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். கம்ப்யூட்டரை அணைத்து, கார்டின் வயரைப் பிடுங்கிவிட்டு, கம்ப்யூட்டரை மறுபடி ஆன் செய்தேன். பச்சை விளக்கு எரியவில்லை. மொபைலில் அடித்தேன். என் காதில் ரிங் போய்க்கொண்டே இருந்தது, கார்டு வாயைத் திறக்கவில்லை. மீட்டரை எடுத்து ஒவ்வொரு இடமாக முள் வைத்துப் பார்த்தேன். பூஜ்யம். சந்தேகப்பட்டு மீட்டரை வேறு வயரில் வைத்தேன், பன்னிரண்டு வோல்ட் காட்டியது. மறுபடி கார்டில் வைத்தேன். பூஜ்யம்.

இந்தக் கார்டுக்கு உயிரே இருந்ததில்லை. ஒருநாள்கூட. அவசரத்தில் சொருகிவிட்டுப் போன பையனுக்குப் பவர் வயர் ஒன்று வேண்டும் என்பதே தெரிந்திருக்கவில்லை.

இத்தனை வருடத்தில் வேறு யாருடைய போனாவது இதில் வந்திருக்கிறதா என்று யோசித்தேன். ஒரு ராங் நம்பர்கூட வந்ததில்லை. "அவன மாதிரியே அவன் போனும் பிடிவாதம், வேற யாரையும் விடாது" என்று அக்கா பெருமையாகச் சொல்லிக்கொள்வாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன்.

அவனோடு பேசினேனே. வண்டியைப் பற்றிக் கேட்டானே. துறைமுகம், பேப்பர், ஒளிந்து வேலை என்று நான் கட்டிய கதை முழுவதும் இந்த ஒரு மீட்டரில் பொலபொலவென்று உதிர்ந்துவிட்டது. வாலு எங்கும் நழுவவில்லை. கப்பலோடுதான் போயிருக்கிறான்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் தோன்றியது. வயரைத் திரும்ப மாட்டிவிட வேண்டும். விளக்கு எரியட்டும், எல்லாம் ஒழுங்காக வேலை செய்யட்டும், அவன் கூப்பிடாமலே போகட்டும். அக்கா கொஞ்ச நாள் அழுவாள், பிறகு பழகிக்கொள்வாள். அவசரத்தில் எதையாவது சுட்டுவிடப் போகிறேன் என்று சுவரிலிருந்து மெயின் பிளக்கையே பிடுங்கினேன். திரை அணைந்தது. உள்ளே ஃபேன் சுற்றி நின்றது.

பிளக் என் கையில் இருக்கும்போதே பஸ்ஸர் அடித்தது.

பக்கத்து அறையில் பாத்திரம் கீழே விழும் சத்தம் கேட்டது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தபடி அக்கா ஓடி வந்தாள். இருண்ட திரையை அவள் பார்க்கவில்லை, என் கையிலிருந்த பிளக்கையும் பார்க்கவில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பொத்தானை அழுத்தினாள்.

"ஏண்டா, இத்தனை நாளா அம்மா ஞாபகம் வரலயா உனக்கு?"

அவள் முகம் மலர்ந்துவிட்டது. சளி பிடித்திருக்கிறதா, குரல் ஏன் இப்படி இருக்கிறது, வேளைக்குச் சாப்பிடுகிறாயா என்று அடுக்கிக்கொண்டே போனாள். நான் சுவரோடு ஒட்டி நின்றேன். அவளுடைய முழங்கைக்கு அருகில் கார்டு செத்துக் கிடந்தது. இடையிடையே அவள் நிறுத்தி, தலையாட்டி, சிரித்தாள்.

"உங்க மாமாதான் சரி பண்ணான். இங்கதான் நிக்கிறான், பேசு." ஹெட்போனைக் கழற்றி என் தலையில் மாட்டினாள்.

முதலில் இரைச்சல் மட்டும்தான் கேட்டது. காற்றா தண்ணீரா என்று தெரியவில்லை.

"மாமா."

"சொல்லுடா."

"வயரக் கழட்டிட்டீங்களா?"

"கழட்டிட்டேன்."

"மறுபடி மாட்டிடாதீங்க மாமா. மாட்டினா எனக்கு இங்கேருந்து வழி தெரியல. எல்லாப் பக்கமும் சுத்திப் பாத்தேன்."

இவனைத் தோளில் தூக்கி வளர்த்தவன் நான். பயமாக இருந்தது. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் அக்கா மகனுக்கே பயந்தேன்.

"கண்டுபிடிச்சுட்டீங்கல்ல?" என்றான்.

"ஆமாண்டா."

சின்னப் பையனாக இருந்தபோது எதையாவது உடைத்துவிட்டு வந்து கேட்பானே, அதே குரலில் கேட்டான்.

"அம்மா கேட்டா என்ன சொல்வீங்க?"

அக்கா என் கையைப் பிடித்து உலுக்கினாள். "என்னடா இவ்வளவு நேரம் பேசறான்? எப்ப வர்றானாம்? கேளு."

அவள் விரல்கள் இன்னும் ஈரமாக இருந்தன. நான் ஹெட்போனின் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டேன். பொத்தி என்ன பயன், அவனுக்குக் கேட்கத்தான் போகிறது.

"பேப்பர் கிட்டத்தட்ட சரியாயிடுச்சாம்க்கா" என்றேன். "கைக்கு வந்ததும் கிளம்பிடுவானாம்."

அவள் சுற்றிப் பார்த்துவிட்டு, அவன் கட்டிலில் நான் பரப்பி வைத்திருந்த ஸ்க்ரூடிரைவர்களை ஒவ்வொன்றாகப் பொறுக்கி என் பைக்குள் போட ஆரம்பித்தாள்.