நேரே போய், மருந்துக்கடையில் இடது பக்கம்

கிட்ட வந்து உட்காருங்கள், கண்ணுகளா. இன்னும் கொஞ்சம். என் குரல் தெருச் சத்தத்தைத் தாண்டாது. ஒரு கதை சொல்கிறேன். கதைக்கு வாக்குக் கொடுக்கிறேன், முடிவுக்குக் கொடுக்கமாட்டேன். ஏன் என்று போகப் போகத் தெரியும்.

1

இந்தக் கதை ஒரு பொய்யில் பிறந்தது. பொய் என்னுடையது. போன வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு, எங்கள் மெக்சிகோ நகரத்துப் போர்த்தாலெஸ் சந்தைக்குப் பின்னால் இருக்கும் சோளரொட்டிக் கடையின் வரிசையில், ரொட்டி சுற்றும் துணியைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். அப்போது ஒரு மனிதருக்கு வழி சொன்னேன். அந்த வழி எனக்குத் தெரியாது.

அன்றிலிருந்து எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுதினால் அவர் எங்கே போய்ச் சேர்ந்தார் என்று தெரிந்துவிடும் என்று நினைத்தேன். தெரியவில்லை.

2

மூன்று முறை தொடங்கினேன். மூன்றையும் அப்படியே வைக்கிறேன், நீங்களும் பாருங்கள்.

"மெக்சிகோ நகரத்தின் மேல் வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு" (வெயிலுக்கும் இதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. விட்டுவிட்டேன்.)

"பசியோடு அலைந்தார்கள் ஒரு தகப்பனும் மகளும்" (பசி என்று யார் சொன்னது? அந்தப் பெண் எதையோ மென்றுகொண்டுதான் வந்தாள். ஒரு பொய் போதும்.)

"அவர் பெயர்" (கேட்கவில்லை. வரிசை நகர்ந்துவிட்டது.)

அதனால் நானே வைக்கிறேன். தகப்பனுக்கு அந்தோலின். ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றியில் பழைய தழும்பு. மகளுக்கு யரேட்சி. பத்தொன்பது வயது, ஊதா நிறத் தொப்பி. பெயர்தான் நான் வைத்தது. தழும்பும் தொப்பியும் நிஜம்.

3

அந்தோலின் வரிசைக்குப் பொதுவாகத்தான் கேட்டார்.

"இந்தப் பக்கம் குக்கா அம்மான்னு ஒருத்தங்க தெருவோரமா த்லாகோயோ போடுவாங்களே, அவங்க கடை எங்கன்னு தெரியுமாங்க?"

நீலச் சோளமாவைப் படகு மாதிரித் தட்டி, உள்ளே அவரைக்கொட்டை மசியல் வைத்துக் கல்லில் வாட்டி, மேலே நறுக்கிய சப்பாத்திக்கள்ளி மடலும் வெங்காயமும் போட்டுத் தருவார்களே, அதுதான் த்லாகோயோ. ஊரில் மூலைக்கு ஒருத்தி போடுகிறாள். ஆனால் குக்கா அம்மாவுடையதில் ஒரு முனை மட்டும் மூக்கு மாதிரிக் கிள்ளியிருக்குமாம். பழுப்புத் தாளில் வைத்துத் தருவாராம். மூன்று தின்றாலும் பஸ்ஸுக்குக் காசு மிஞ்சுமாம். முந்தின நாள் மகள் தொலைபேசியில் தேடிக் கண்டுபிடித்த இடத்தில், தெருத் தீனி என்று பெயர்போட்டுக் கருங்கல் தட்டில் இரண்டே இரண்டை வைத்தார்களாம். விலையைக் கேட்டு அந்தோலின் எழுந்து வந்துவிட்டாராம். இதையெல்லாம் அவரே சொன்னார். இருபத்தெட்டு வருடம் சிகாகோவில் இருந்துவிட்டு வந்தவருக்குப் பேச ஆள் வேண்டியிருந்தது.

எனக்கு முன்னால் நின்ற பெண் சந்தையின் பின்வாசல் பக்கம் கை காட்டினாள். எரிவாயு உருளையைத் தோளில் வைத்திருந்தவர், அதெல்லாம் போன வருடம், இப்போது மெட்ரோவுக்கு அந்தப் பக்கம் போய்விட்டது என்றார். இரண்டும் நேர் எதிர்த் திசைகள். இரண்டு பேருக்கும் தெரியாது என்று எனக்குத் தெரியும். என்ன செய்ய? எங்கள் தெருவில் வழி கேட்டவரிடம் தெரியாது என்று சொல்வது, தண்ணீர் கேட்டவரின் முகத்தில் கதவைச் சாத்துகிற மாதிரி.

அப்போதுதான் யரேட்சி பேசினாள்.*

"மூணு நாளா பார்த்தாச்சுப்பா. நீங்க படிச்ச பள்ளிக்கூடம் இப்ப கார் நிறுத்துற இடம். நீங்க படம் பார்த்த கொட்டகையில செருப்பு விக்கிறான். நாலு மணிக்கு நமக்கு விமானம். இதுவும் இல்லன்னா, என் சின்ன வயசுலேருந்து நீங்க எனக்குச் சொன்னதெல்லாம் வெறும் கதைன்னே வெச்சுக்கறேன்."

கோபம் இல்லை அவளுக்கு. சலவைத் துணியை மடித்து வைக்கிற மாதிரிச் சொன்னாள். அதுதான் என்னை என்னவோ செய்தது.

அந்தோலின் சிரிக்கப் பார்த்தார். "உங்க அம்மா சமையலத் தின்னு வளந்தவ, இப்படித்தான் பேசுவ." மகள் சிரிக்கவில்லை.

வரிசை முழுவதும் என்னைப் பார்த்தது. இருப்பதிலேயே வயதானவள் நான்தான்.

"நேரா போங்க தம்பி," என்றேன். "மூணாவது தெருவுல மருந்துக்கடை வரும். அங்க இடது பக்கம் திரும்புங்க. மத்தத வாசனையே காட்டிக் கொடுத்துடும்."

வாசனையை நானாகச் சேர்த்தேன். பொய்யென்றால் வெறுமனே விடத் தெரியாது எனக்கு.

* அவளுடைய பேச்சு பாதி எங்கள் மொழி, பாதி எல்லைக்கு அந்தப் பக்கத்து மொழி. ஓட்டைகளை நான் அடைத்திருக்கிறேன்.

4

இப்போது அந்தோலின் மேல் எனக்குச் சந்தேகம்.

குக்கா அம்மா என்று ஒருத்தி இருந்தாளா? இருபத்தெட்டு வருடம் குளிரில் அடுத்தவர் தட்டைக் கழுவினால் எதையாவது சேர்த்துக்கொள்ளத் தோன்றும்தானே? முதலில் வெறும் த்லாகோயோ. அப்புறம் பழுப்புத் தாள். அப்புறம் ஒரு வருடம், குழந்தை தூங்கமாட்டேன் என்று அடம்பிடித்த அன்றைக்கு, அந்த மூக்கு. ஆனால் (இங்கே ஒரு வாக்கியம் இருந்தது, தைரியம் இல்லாமல் விட்டுவிட்டேன்.)

தட்டுக் கழுவினார் என்பதுகூட நான் சொல்வதுதான். அவர் வேலையைப் பற்றிப் பேசவே இல்லை. பார்த்தீர்களா? அவரைச் சந்தேகிக்கப் போய் நானே மாட்டிக்கொண்டேன்.

5

ஒரு முடிவு: கண்டுபிடித்தார்கள். மகள் ஒரு வாய் கடித்தாள். கண் நிறைந்தது. (கண் நிறைந்தது மிளகாயினால் என்று மாற்றினேன். அப்படியும் நம்ப முடியவில்லை.)

இன்னொன்று: இடது பக்கம் திரும்பினார்கள். வெறும் சுவர். விமான நிலையம் வரை இருவரும் பேசவில்லை. (இதை எழுதிய அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. இதற்கு நான்தானே பொறுப்பு?)

6

இனி நடந்தது.

ரொட்டியை வாங்கித் துணியில் சுற்றினேன். வீட்டுக்குப் போகவில்லை. நேரே நடந்தேன். மூன்றாவது தெருவில் மருந்துக்கடை இருந்தது, அது மட்டும் எனக்கு ஏற்கெனவே தெரியும். இடது பக்கம் நான் போனதே இல்லை. என் மூட்டு நல்ல நாளிலேயே மெதுவாகத்தான் நடக்கும். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆனது.

திரும்பினேன். வாசனை வந்தது.

சிவப்புக் குடை, கரியடுப்பு, மேலே தகரக் கல். பின்னால் நாற்பது வயதுப் பெண் ஒருத்தி. கல்லின் மேல் நான்கு நீல த்லாகோயோக்கள்.

"வாங்க வெள்ளையம்மா, என்ன வெச்சுத் தரட்டும்?"

நான் இலவங்கப்பட்டை நிறம். வருகிற எல்லோரையும் அவள் அப்படித்தான் கூப்பிடுகிறாள்.

குக்கா அம்மா கடை இதுதானா என்று கேட்டேன். அவள் கையிலிருந்த கரண்டி ஒரு நொடி நின்றது.

"இதேதான். எங்க மாமியாரு."

ஊதாத் தொப்பி போட்ட பெண்ணும் அவள் அப்பாவும் வந்தார்களா என்று கேட்டேன்.

"வந்தாங்களே, இப்பத்தான் போறாங்க. பொண்ணு ரெண்டு தின்னுச்சு. நல்லாத் தின்னுச்சு பாவம்."

எந்தப் பக்கம் போனார்கள் என்றேன். முகவாய் முதலில் அசைந்தது, பிறகு கை நீண்டது. அந்தக் கையை எனக்குத் தெரியும். சோளரொட்டிக் கடை வரிசையில் வழி தெரியாமலே நீண்டதும் இதே மாதிரிக் கைகள்தான்.

கல்லைப் பார்த்தேன். நான்கிலும் இரண்டு முனையும் ஒன்றுபோல் இருந்தன. மூக்கு இல்லை.

"குக்கா அம்மா கடையில ஒரு முனையக் கிள்ளி விடுவாங்களாமே?"

"அது இல்லாமலா வெள்ளையம்மா? எப்பவும் கிள்ளுவேனே," என்றாள். கையில் தட்டிக்கொண்டிருந்ததன் முனையை, என் கண் முன்னாலேயே, இரண்டு விரலால் கிள்ளினாள். அழகான சின்ன மூக்கு. கல்லில் போட்டாள். வெந்ததும் பழுப்புத் தாளில் வைத்துக் கொடுத்தாள்.

தின்றேன். நன்றாக இருந்தது, கண்ணுகளா. அதுதான் இன்னும் குழப்புகிறது.

7

இனிமேல் எனக்குத் தெரியாது. பாருங்கள், சொல்லிவிட்டேன், வாழ்க்கையில் முதல் தடவை.

அவர்கள் அங்கே வராமலே இருந்திருக்கலாம், எனக்காக அவள் பேச்சிலேயே வரவழைத்திருக்கலாம். அல்லது வந்திருக்கலாம். அந்தோலின் மூக்கைக் கேட்டிருப்பார், கடைக்காரியும் கிள்ளியிருப்பாள். அப்போது யரேட்சி அவள் விரல்களைப் பார்த்துக்கொண்டிருந்தாளா, தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தாளா? தொலைபேசியைப் பார்த்திருந்தால் அவள் அப்பா சொன்னது அத்தனையும் நிஜம். விரல்களைப் பார்த்திருந்தால்? தெரியாத ஒருத்தி தன் அப்பாவின் சொல் பொய்யாகாமல் இருக்க மாவைக் கிள்ளுவதைப் பார்த்துவிட்டு, அந்தப் பெண் என்ன நினைத்திருப்பாள்?

இந்த இடத்தை உங்களிடம் விடுகிறேன். என்னைக் கேட்டால், "கண்டுபிடிச்சாங்க, ரெண்டு தின்னா, சந்தோஷமாப் போனாங்க" என்றுதான் சொல்லுவேன், உறுதியாக, கையை நீட்டி. நான் எந்த ஊர்க்காரி என்றுதான் உங்களுக்குத் தெரிந்துவிட்டதே.

நேரமாகிறது, போய் வாருங்கள். உங்கள் வீட்டு அடுப்பில் கல் ஆறாமல் இருக்கட்டும். உங்கள் பிள்ளைகள் தேடிப் போகும் நாளில், நீங்கள் சொன்னவற்றில் ஒன்றாவது சொன்ன இடத்தில் இருக்கட்டும். இல்லாமல் போனால், கேட்டதும் கிள்ளிவிட அங்கே ஒரு கை இருக்கட்டும்.